சிரிப்புக்கு நிறுத்தும் இடம்

கதவச் சாத்தியாச்சு. கீழ் இடுக்குல பழைய துண்டு, வெண்டிலேட்டர்ல அட்டை, அட்டை விழாம இருக்க தொடப்பக்கட்டை முட்டு. இனிமே இது பாத்ரூம் இல்ல, போட்டோ கழுவுற இருட்டு ரூம். பாலக்கரையில மத்த எல்லாருக்கும் சனிக்கிழமை மத்தியானம், தின்ன சோறு கண்ணுல ஏறுற நேரம், எனக்கு மட்டும் செவப்பு பல்பு. வெஸ்டர்ன் டாய்லெட்ட மூடி அது மேல பலகை, பலகை மேல, படத்தப் பெருசாக்கிக் காகிதத்துல விழவைக்கிற என்லார்ஜர், ஒட்டகச்சிவிங்கி குனிஞ்சு தண்ணி குடிக்கிற மாதிரி நிக்குது. தஞ்சாவூர் கல்யாண போட்டோகிராபர் ஒருத்தன் ட்ரோன் வாங்கறதுக்காக இத என் தலையில கட்டினான், அவன் வானத்துக்குப் போயிட்டான், நான் பாத்ரூமுக்கு வந்துட்டேன். தரையில மூணு ட்ரே. முதல் ட்ரே படத்த வர வைக்கும், ரெண்டாவது வந்தது போதும்னு நிறுத்தும், மூணாவது வந்தது போயிடாம நிக்க வைக்கும். ரெண்டாவதுல வினிகர் வாசம் அடிக்கும், என் பொண்டாட்டி பிரிசில்லா எப்பவும் வெளியேருந்து "யாருங்க பாத்ரூம்ல ஊறுகா போடறது?"ன்னு ஒரு குரல் விடுவா. இன்னிக்கு விடல. இன்னிக்கு அவ கதவுக்கு அந்தாண்ட ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கா. நான் பாக்கல, பாக்க வேண்டாம், அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை, டொக்குங்கும், டொக்குன்னா எழுந்திரிச்சா, ரெண்டு டொக்குன்னா திரும்ப உக்காந்துட்டா, இப்ப வரைக்கும் ஏகப்பட்ட டொக்கு. சத்தத்த வெச்சு ஆளச் சொல்றதுதான நம்ம பொழப்பு. மிமிக்ரி டென்சிங்னா திருச்சியில கல்யாண மண்டபக் காவக்காரனுக்குக்கூடத் தெரியும், நாய் குரைக்கிறதுலேருந்து மேனேஜர் இருமுறது வரைக்கும் எல்லாம் நம்ம தொண்டைக்குள்ள குடித்தனம் இருக்கு. எங்க நிறுத்தணும், எங்க விடணும், அது ரத்தத்துல ஊறினது, அதுல என்ன அடிச்சுக்க ஆள் இல்ல. ஆனா இன்னிக்கு மேடை இந்த ட்ரேதான். திங்கக்கிழமை ஸ்கூல் தெறக்குது, பிரிசில்லா பி.டி. டீச்சர், போறாளா, லீவ நீட்டிக்கிறாளாங்கறத இந்த ட்ரேயில வரப்போற அவ மூஞ்சியப் பாத்துட்டுத்தான் சொல்லுவாளாம். அப்படித்தான் பேச்சு.

ஏப்ரல்ல ஒரு காலையில பல்லு தேய்ச்சிட்டு வாய் கொப்புளிச்சா, தண்ணி அவளக் கேக்காம வலது ஓரமா ஒழுகுச்சு. இதே பாத்ரூம்தான், இதே குழாய்தான். சிரிச்சா இடது பக்கம் மட்டும் சிரிக்குது, வலது பக்கம் எனக்கு இதுல சம்பந்தம் இல்லேன்னு தொங்குது. வலது கண்ணு மூட மாட்டேங்குது, தூங்கும்போது பிளாஸ்திரி போட்டு ஒட்டணும். முகவாதம், நரம்புல வீக்கம், பயப்பட ஒண்ணுமில்ல, சரியாயிடும், நாளாகும்னு டாக்டர் சொன்னார். எவ்ளோ நாள்னு கேட்டா மேல பாத்தார். எல்லாம் தாங்கிக்கிட்டா. ஒரு நாள் சாயங்காலம் மொட்டை மாடியில போயி பி.டி. பீரியடுக்கு ஊதற எவர்சில்வர் விசில வாயில வெச்சு ஊதிப் பாத்திருக்கா, காத்து அத்தனையும் வலது ஓரமா புஸ்ஸுன்னு போயிடுச்சு, கீழ இருந்த எனக்கு சைக்கிள் டியூப்ல காத்து எறங்குற மாதிரி கேட்டுச்சு, அப்புறம் விசில் தண்ணித் தொட்டி மேல பட்டுத் தெறிச்ச சத்தம். எடுத்து எறிஞ்சிட்டா. மறுபடி நானே தேடி எடுத்து அவ மேசை டிராயர்ல வெச்சேன், அதப் பத்தி ரெண்டு பேரும் பேசிக்கல. அதுலேருந்து வாசப்படி தாண்டல. மாதா கோயிலுக்குக்கூட விடியக்காத்தால முதல் பூசைக்கு, முக்காடு போட்டுட்டு, கடைசி பெஞ்சு. அப்பதான் ஒரு நாள் சொன்னா, "கண்ணாடியில பாத்தா நானே மூஞ்சிய இழுத்து வெச்சுக்கறேன். போன்ல எடுத்தா அது என்னக் கேக்காமலே மாவு பூசி வழவழன்னு ஆக்குது. உங்களக் கேட்டா ஒண்ணுமே தெரியலேன்னு கூசாம சொல்றீங்க. இந்த வீட்டுல பொய் சொல்லத் தெரியாதது உங்களோட அந்தப் பழைய பிலிம் கேமரா ஒண்ணுதான். அதுல எடுங்க. எடுத்த ஒடனே இந்தா பாரு இந்தா பாருன்னு பின்னாடி வரமுடியாதில்ல, அதுவும் நல்லது." பாத்தீங்களா, இத்தனை வருஷமா இந்த பிலிமுக்கும் காகிதத்துக்கும் வக்காலத்து வாங்கி நான் பேசாத பேச்சில்ல, அவ நாலு வரியில முடிச்சிட்டா.

உண்மையில எனக்கு இதுல என்ன கிறுக்குன்னு யோசிச்சுப் பாத்திருக்கேன். மேடையில ஒரு வார்த்தைய விட்டா மூணாவது செகண்ட்ல தெரிஞ்சிடும், சிரிச்சானா, இருமினானா, போன எடுத்துட்டானா. நம்மளோட மொத்த வாழ்க்கையும் அந்த மூணு செகண்ட்லயே ஓடிப்போச்சு. இங்க அப்படி இல்ல. கிளிக்குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான், அப்புறம் நாள்கணக்குல ஒரு பய வாயத் தொறக்க மாட்டான். பிலிம் சுருள் டப்பாவுக்குள்ள கம்முனு கெடக்கும். அத வெளிய எடுத்துக் கழுவி, இந்தக் கொடியில துணி கிளிப்பு மாட்டிக் காயப்போட்டா, இந்தா, காலையில அப்படித்தான் அவ ஜாக்கெட்டுக்கும் என் பனியனுக்கும் நடுவுல அவ மூஞ்சி வரிசையா தொங்குச்சு, முடி வெள்ளையா, பல்லு கறுப்பா, தலைகீழ் உலகம், அப்பவும் ஒண்ணும் புரியாது. இந்த வெள்ளைக் காகிதத்து மேல வெளிச்சம் விட்டு, ட்ரேயில அமுக்கி, ஓரத்தத் தூக்கித் தூக்கி விட்டுட்டே நின்னா மெல்ல வரும் பாரு, முதல்ல கறுப்புதான் வரும், தலைமுடி, கண்ணுமணி, மூக்கு ஓட்டை, அப்புறம் உதட்டுக் கோடு, கடைசியிலதான் கன்னம். மிமிக்ரிக்கு நான் ஒருத்தனப் பிடிக்கிறதும் அப்படியேதான். ஒரேயடியா ஆளு வரமாட்டான், முதல்ல செருமல் வரும், அப்புறம் வேட்டியத் தூக்குற விதம், அப்புறம் பாத்தா முழு ஆளும் என் சட்டைக்குள்ள நிப்பான். வித்தியாசம் என்னன்னா இங்க நான் ஒண்ணும் பண்ண முடியாது. சனத்துக்குக் கண்ணு காட்ட முடியாது, விழுந்த ஜோக்கத் தூக்கிக் குடுக்க முடியாது. கைதட்டு வாங்கியே பழகினவனுக்கு இது கொஞ்சம் அவமானம், நெறைய சொகம்.

டைமுக்குக் கடிகாரம் கெடையாது. முட்டாள்தான் வைப்பான். என்லார்ஜர் வெளிச்சம் எவ்ளோ நேரம் விழணுமோ அதுக்கு எங்கிட்ட சத்திரம் பஸ் ஸ்டாண்டு கண்டக்டர் ஐட்டம் இருக்கு. சுவிட்சப் போட்டு, "சத்திரம் சத்திரம் சத்திரம், ஏறு, உள்ள போ, உள்ள போ, உள்ள ஒரு கல்யாணமே பண்ணலாம், ஏம்மா, அந்தப் புள்ளைய மடியில வை, புள்ளைக்கு டிக்கெட் வேணாம், அந்தப் பைக்கு ரெண்டு டிக்கெட் எடு", இங்க சனம் சிரிக்கும், "ரைட், போலாம்". போலாம்னு சொல்லும்போது சுவிட்ச் ஆஃப். மேடையில ரெண்டு டிக்கெட்டுக்கு அப்புறம் சிரிப்புக்கு ஒரு இடம் விடணும், சிரிப்பு ஏறி, உச்சிக்குப் போயி, லேசா எறங்கும்போது அடுத்தத விடணும். பாத்ரூம்ல சிரிக்க யாரு இருக்கா, அதனால இடம் விடாம ஒரே மூச்சுல சொல்லிப் பழகியாச்சு. ஒரிஜினல் ஐட்டம் விசில்ல முடியும், வாயாலயே அடிப்பேன், பாதிப் பேரு பின்னாடி பஸ் வருதோன்னு திரும்புவான். ஏப்ரல்லேருந்து வீட்டுல விசில் இல்ல. ரைட் போலாம்தான்.

பயம் இருக்கா? படம் சரியா வருமாங்கறதுல பயமே இல்ல, வரும், என் கை மேல எனக்கு அவ்ளோ நம்பிக்கை. பயம் வேற எடத்துல. என் வாய். அன்னிக்கு ஆஸ்பத்திரியில டாக்டர் அவளப் பாத்து "சிரிங்கம்மா"ன்னார், சிரிச்சா, "புருவத்தத் தூக்குங்க"ன்னார், தூக்கினா, ஒண்ணு எழுந்திரிச்சுது, ஒண்ணு எழுந்திரிக்கல. அப்ப அந்த டாக்டர் அவள விட்டுட்டு என்னப் பாக்கறார். பாத்துட்டு, "சார், உங்களுக்கும் இருக்கா?"ங்கறார். சாமி சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல. அது தானாப் பண்ணிக்குது. எதிர்ல ஒரு மூஞ்சி இருந்தா என் மூஞ்சி அது பின்னாடியே போயிடும், சின்ன வயசுலேருந்தே அப்படி, எனக்கே தெரியாது. "பல்லு வலி, டாக்டர்"னு சமாளிச்சேன். பிரிசில்லா அப்ப டாக்டரோட டார்ச்சயே பாத்துட்டிருந்தா, பாக்கல, பாத்திருக்க மாட்டா. பாத்திருந்தா? கட்டின புருஷன் எதிர்ல உக்காந்து என்னக் கேலி பண்றான்னுதான தோணும். எனக்குன்னு இருக்கறது ஒரு தொழில், அது அவளப் பாத்து வந்து நிக்குது. அதுலேருந்து வீட்டுக்குள்ள மறைஞ்சு மறைஞ்சு வாழறேன். பேப்பர விரிச்சு வெச்சுக்கிட்டுப் பேசுறேன். தலைய துவட்டிக்கிட்டே பதில் சொல்றேன். ஒரு நாள் ஹெல்மெட்டோட சாம்பார் ஊத்திக்கிட்டேன், "எங்க கெளம்பறீங்க?"ன்னா, "இப்பத்தான் வந்தேன்"னேன், "நீங்க வெளியவே போகலையே"ன்னா. கேமராதான் காப்பாத்துச்சு. கேமராவ மூஞ்சிக்கு முன்னாடி தூக்கிட்டா அதுக்குப் பின்னாடி என் வாய் எந்தப் பக்கம் வேணாலும் போகலாம், யாரு பாக்கறா. அன்னிக்குப் படம் எடுக்க மொட்டை மாடிக்குப் போனப்ப அவளக் கண்ண எடுக்காம அவ்ளோ நேரம் பாத்தேன், ரெண்டு மாசம் கழிச்சு. அந்த நேரத்துக்காகவே இந்தக் கேமராவுக்கு மாலை போடலாம். வாயப் பாத்துக்க டென்சிங், இப்ப வெளிச்சம் கம்மி, கதவு சாத்தியிருக்கு, இங்க நீ எப்படி வேணா இருந்துக்கலாம்.

மாடியிலயும் அவ சும்மா குடுக்கல. "வலது பக்கம் வரக்கூடாது"ன்னு கோடு போட்டுட்டா, இடது பக்கத்த மட்டும் காட்டிட்டு, காசுல இருக்கற ராஜா மாதிரி உக்காந்திருந்தா. சுருள் முழுக்க ராஜாதான். ஒண்ணே ஒண்ணு தவிர. பக்கத்துல பாய் விரிச்சுக் கூழ் வத்தல் காய வெச்சிருந்தா, காக்கா ஒண்ணு எறங்குச்சு, பிரிசில்லா அப்படியே நேரா திரும்பி, "ஏய்!"னா பாருங்க. பி.டி. பீரியடுல கடைசி வரிசைக்குக் கேக்குற ஏய். என் விரல் அதுவா அமுங்கிடுச்சு. இப்ப ராஜா ஒண்ணக் காகிதத்துல போட்டுப் பாத்துட்டேன், பிரமாதம், காதுல கம்மல் மின்னுது, முகவாதம் எந்த ஊர்லன்னு கேக்குது. இதக் குடுத்துட்டா போதும், அவளும் சந்தோஷம், நானும் சந்தோஷம், திங்கக்கிழமை போவா. போயி? போயி மத்தவன் பாக்கற மூஞ்சி இதில்லையேன்னு அங்க தெரியும்போது? டொக். "எதப் போடறீங்க?"ன்னா கதவுக்கு வெளிய. சைடு போஸுன்னேன். டொக். "நேரா இருக்கறது ஒண்ணு இருக்கில்ல, காக்கா வந்தப்ப. நீங்க அமுக்கினது எனக்குத் தெரியும்." இருக்குன்னேன், ஷேக் ஆயிருக்கும்னு ஒரு பிட்டயும் சேத்துப் போட்டேன். "ஷேக் எல்லாம் ஆயிருக்காது. அதப் போடுங்க." அந்தக் குரல எனக்குத் தெரியும், அதுக்கு மேல அப்பீல் கெடையாது. நெகட்டிவ நகத்தி அந்தக் கட்டத்துக்கு வந்தேன். பலகை மேல அவ தலைகீழ் மூஞ்சி, வாய் ஒரு பக்கமா இழுத்து, வலது கண்ணு முழிச்சு. காகிதத்த எடுத்து வெச்சேன். ரெண்டு பேருக்கும் கொஞ்சம் இளகட்டும்னு ஐட்டத்த நல்லா சத்தமாவே எடுத்தேன்.

"சத்திரம் சத்திரம் சத்திரம், ஏறு, உள்ள போ, உள்ள போ, உள்ள ஒரு கல்யாணமே பண்ணலாம், ஏம்மா, அந்தப் புள்ளைய மடியில வை, புள்ளைக்கு டிக்கெட் வேணாம், அந்தப் பைக்கு ரெண்டு டிக்கெட் எடு", வெளிய, ஃப்பு ஃப்புன்னு ஒரு சத்தம். முதல்ல என்னன்னு பிடிபடல, குக்கர் வெயிட்டுக்குக் கீழ ஆவி கசியற மாதிரி. அப்புறம் அதுக்குள்ளேருந்து அவ குரல் எழும்புது. சிரிக்கறா. இது பழைய சிரிப்பில்ல, பழையது கொட்டும், இது ஒரு ஓரமா காத்து விட்டுட்டுக் கொட்டுது, எனக்குப் புதுசு, இத்தனை நாள் அவ இத வெளியவே விடல, காது அப்படியே அத அள்ளுது, ஃப்பு எத்தனை, குரல் எங்க சேருது, மூச்சு எங்க வாங்கறா, நான் நிக்கறேன், சிரிப்புக்கு நிறுத்திட்டேன், முப்பது வருஷப் பழக்கம், அது ஏறுது, உச்சிக்குப் போகுது, லேசா எறங்குது, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும், எறங்கிடுச்சு, "ரைட், போலாம்". சுவிட்ச் மேல விரல் வெக்கும்போதுதான் அய்யோன்னு ஒறைக்குது, அத்தனை நேரமும் வெளிச்சம் காகிதத்து மேல கொட்டிட்டிருந்திருக்கு. ட்ரேயில போட்டேன். போட்ட ஒடனே கறுத்துச்சு, முடி, கண்ணு, மூக்கு, கன்னம், வானம், காக்கா எல்லாம் ஒரே தார் ரோடு. வாழ்க்கையில முதல் தடவையா டைமிங் தப்பினேன். பேஷ் டென்சிங்.

"வந்துருச்சா?"ன்னா. "கறுப்பா வந்துருக்கு"ன்னேன். "எவ்ளோ கறுப்பா?" "கரண்டு போன மாதிரி." "ஏன்?" "நீ சிரிச்ச, நான் நிறுத்திட்டேன்." "ஓ, இதுவும் என்னாலதானா? கதவத் தொறங்க." தொறக்கக் கூடாது, தொறந்தா வெளிச்சம் பட்டுக் காகிதம் போயிடும், அதுக்கும் மேல, தொறந்தா மூஞ்சிக்கு முன்னாடி எங்கிட்ட ஒண்ணும் கெடையாது, பேப்பர் இல்ல, துண்டு கதவுக்குக் கீழ, கேமரா ஹால்ல. "கூத்தடிக்கற ஆளு கிட்ட வேலையக் குடுத்தா இப்படித்தான். தொறங்க, நான் உள்ள வந்து நின்னு பாத்துக்கறேன்." காகிதப் பெட்டிய மூடி, பூட்டின மாதிரி மேல டப்பா வெச்சுட்டுத் தொறந்தேன். பட்டுன்னு உள்ள வந்து அவளே கதவச் சாத்தினா, அவளே துண்டத் திணிச்சா. ரெண்டு பேரு நிக்கற எடமில்ல இது, அவ முழங்கை என் வயித்துல. "ம், ஆரம்பிங்க, இந்தத் தடவை நான் சிரிக்க மாட்டேன்." ஆரம்பிச்சேன். புள்ளை, பை, ரெண்டு டிக்கெட், கைய வாயில வெச்சு அமுக்கிட்டு நின்னா, ரைட் போலாம், ஆஃப், கணக்கா விழுந்துச்சு. காகிதத்த ட்ரேயில அமுக்கிட்டுத் தரையில உக்காந்தேன், எதிர்ல அவளும் உக்காந்தா. ஓரத்தத் தூக்கறேன், விடறேன். வெள்ளை. வெள்ளை. அப்புறம் கூந்தல் வந்துச்சு. கண்ணுமணி ரெண்டும் வந்துச்சு, வலது கண்ணு முழுசா, சுத்தி வெள்ளை தெரிய. ஏய்ங்கற வாய் வந்துச்சு, இடது பக்கமா இழுத்துக்கிட்டு, வலது ஓரம் சும்மா கெடக்க. அப்பட்டமா வந்துச்சு, ஒண்ணும் மறைக்கல. நான் தண்ணியவே பாத்தேன். வாயப் பாத்துக்க, வாயப் பாத்துக்கன்னு உள்ளுக்குள்ள ஓடிட்டே இருக்கு, அழுவாளா, எழுந்து போயிடுவாளா, இதக் கேட்டது அவதான, ஆனா கேட்டதுக்கெல்லாம் குடுத்துடறதா, காகிதத்த எடுத்து வினிகர் ட்ரேயில போட்டேன், எடுத்து மூணாவதுல போட்டேன், ஏதாவது பேசேண்டி. நிமுந்தா, அவ ட்ரேயப் பாக்கல. என்னப் பாத்துட்டிருக்கா.

"உங்க வாய் கோணுது"ன்னா. கை வாயப் பொத்தப் போச்சு. "பிரிசி, வேணும்னு இல்ல, அது தானா..."ன்னேன். "தெரியும். ஆஸ்பத்திரிலேருந்தே தெரியும். ஹெல்மெட் போட்டுட்டு சாம்பார் ஊத்தினா எனக்குப் புரியாதா?" செவப்பு வெளிச்சத்துல கிட்டக்க வந்து என் தாடையப் பிடிச்சு, ட்ரெஸ் சரியா போடாத பையனத் திருப்புற மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பினா. "முப்பது வருஷம் மேடையேறி என்ன பிரயோஜனம்? பக்கமே தப்பு. எனக்கு வலது, நீங்க இடதத் தொங்கவிட்டிருக்கீங்க." எதிர்ல உக்காந்து பாக்கறேன்ல, அப்படித்தான் வருதுன்னேன். "சாக்கு சொல்லாதீங்க. மாத்துங்க." மாத்தினேன். "ம். இப்ப கண்ணு. சிமிட்டறீங்க. இந்தக் கண்ணு சிமிட்டக் கூடாது, மத்தது மட்டும் சிமிட்டணும்." முயற்சி பண்ணேன், ரெண்டும் சேந்து சிமிட்டுது. மறுபடியும் பண்ணேன். ரெண்டும் சிமிட்டுது. வரல. எனக்கு வராத ஒண்ணு. "வராது"ன்னா அவ, லேசா ஒரு பெருமை அதுல. "லைட்டப் போடட்டுமா?"ன்னா. போடலாம், இப்ப ஒண்ணும் ஆகாதுன்னேன்.

வெள்ளை வெளிச்சம் வந்ததும் ரெண்டு பேரும் கண்ண இடுக்கினோம், அவ ஒரு கண்ண. ஈரத்தோட படத்தத் தூக்கிப் பிடிச்சா, தண்ணி முழங்கை வழியா ஓடி ரவிக்கைய நனைக்குது, கவனிக்கல. ரொம்ப நேரம் பாத்தா. "ஸ்கூல்ல ஒருத்தனாவது என்ன மாதிரி பண்ணிக் காட்டுவான்ல?"ன்னா, படத்தப் பாத்துக்கிட்டே. இல்லேன்னு சொல்ல வாய் வந்துச்சு. அப்புறம் அந்தப் படத்தப் பாத்தேன், அதுக்கு முன்னாடி நின்னு எப்படிப் பொய் சொல்றது. "பண்ணுவான். முதல் நாளே பண்ணுவான். ஒம்பதாவதுல ஒருத்தன் கட்டாயம் இருப்பான்"னேன். "நல்லா பண்ணுவானா?" "வாய் வந்துடும். கண்ணு வராது." தலைய ஆட்டினா. "பக்கமும் தப்பாத்தான் பண்ணுவான், எதிர்ல நிக்கறான்ல. கூப்பிட்டு முன்னாடி நிக்க வெச்சு சரி பண்றேன்." படத்தத் திரும்ப ட்ரேயில விட்டா, கைய உதறினா. அப்புறம் ரெண்டு கையையும் மூஞ்சிக்கு முன்னாடி தூக்கி, பட்! பட்!னு தட்டினா பாருங்க, அந்தக் குட்டி பாத்ரூம்ல, டைல்ஸ் அத்தனையும் திருப்பி அடிச்சுது, கொடியில இருந்த கிளிப்பு ஆடுச்சு, நான் எப்ப எழுந்தேன்னு தெரியல, குதிகால் ஒட்டி, நெஞ்சு நிமுந்து, கை ரெண்டும் தொடையோட. "விசில விட இது பரவால்ல"ன்னுட்டுக் கதவத் தொறந்து வெளிய போனா. ஹால்ல பீரோ தொறக்கற சத்தம், வெள்ளை டிராக் பேண்ட உதறுற சத்தம், இஸ்திரிப் பொட்டிய பிளக்குல சொருகுற சத்தம். நான் விரல் நுனியில மருந்துத் தண்ணி சொட்ட அட்டென்ஷன்லயே நிக்கறேன். ஸ்டாண்ட் அட் ஈஸ் சொல்லாமலே போயிட்டா.